கேப்புக்கு வாரண்டி இருக்கிறது... பல்லுக்கு?

ஜிர்கோனியா கேப் போட்டுக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். வீட்டு பீரோவில் எங்காவது ஒரு பிளாஸ்டிக் அட்டை இருக்கும். ஏ.டி.எம். கார்டு அளவு. நோயாளியின் பெயர், பல்லின் எண், லேப் பெயர், ஒரு வரிசை எண், கூடவே வாரண்டி காலம். 5 வருடம், 10 வருடம், சில அட்டைகளில் 15. வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர் மனதில் பதிவது ஒன்றுதான்: இந்தப் பல்லைப் பற்றி இனி பத்து வருடத்துக்குக் கவலை இல்லை.

அட்டை சொல்வது அதுவல்ல. கேப் உடைந்தால் லேப் இன்னொன்று செய்து தரும், அவ்வளவே. உள்ளே இருக்கும் சொந்தப் பல் சொத்தையானால், நரம்பு செத்தால், ஈறு இறங்கினால், வேர் விண்டுபோனால் அட்டையைக் காட்டிப் பயனில்லை. இதில் ஏமாற்று எதுவும் கிடையாது. லேப் தான் செய்த பொருளுக்குத்தான் பொறுப்பேற்க முடியும். ஆனால் பீங்கான் பற்களைப் பத்து, இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளை வரிசையாகப் படித்தால் ஒரு வேடிக்கை புரியும். இன்றைய ஜிர்கோனியா கேப் இரண்டாகப் பிளப்பது அபூர்வம். தோற்பவை அதற்கு அடியிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கின்றன. ஆக, எது சுலபத்தில் கெடாதோ அதற்குத்தான் நம் கையில் உத்தரவாதம் இருக்கிறது.

நோயாளியின் திருப்தியும் பெரும்பாலும் அந்தக் கெடாத பகுதியைப் பார்த்தே பிறக்கிறது. நிறம், பளபளப்பு, வடிவம். கண்ணாடியில் தெரிவது அவ்வளவுதானே.

வாடைக்குப் பயந்து வந்த பீங்கான்

பல்லுக்குப் பீங்கான் வந்தது அழகுக்காக அல்ல, நாற்றத்துக்குப் பயந்து. 18-ம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பணக்காரர்கள் நீர்யானைத் தந்தத்தில் செதுக்கிய பல்செட் வைத்திருந்தார்கள். எச்சிலில் ஊறி ஊறி அது கறுக்கும், வாடை அடிக்கும். அலெக்சிஸ் துஷாத்தோ என்ற பிரெஞ்சு மருந்துக்கடைக்காரருக்கும் இதே அவஸ்தை. 1774 வாக்கில், பாரிஸ் பக்கத்துப் பீங்கான் தொழிற்சாலை ஒன்றின் உதவியோடு தனக்கென்று ஒரு பீங்கான் பல்செட் செய்துகொண்டார். சூளையில் பீங்கான் சுருங்கிவிடும் என்பதால் அளவு சரியாக அமையப் பலமுறை முயல வேண்டியிருந்தது. அவரோடு சேர்ந்து வேலை செய்த நிக்கோலா துபுவா த ஷெமான் என்ற பல் மருத்துவர் அந்த உத்தியை மெருகேற்றி, 16-ம் லூயி மன்னரிடம் காப்புரிமையும் வாங்கிவிட்டார். புரட்சி வெடித்ததும் லண்டனுக்கு ஓடினார். அங்கே அவருக்குப் பீங்கான் மாவு கொடுத்தது வெட்ஜ்வுட் நிறுவனம். இன்றும் கோப்பை, சாஸர் விற்கும் அதே பெயர்தான்.

முழு பல்செட்டிலிருந்து ஒற்றைப் பல்லுக்கு வர நூறாண்டுக்கு மேல் ஆனது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் சார்ல்ஸ் லாண்ட் என்ற மருத்துவர், சீவிய பல்லின் அச்சின் மேல் மெல்லிய பிளாட்டினத் தகட்டை ஒட்ட வைத்து, அதன்மேல் பீங்கானைச் சுட்டு எடுத்தார். 1903-ல் அவர் அறிமுகப்படுத்திய 'ஜாக்கெட் கிரவுன்'தான் இன்று நாம் போடும் எல்லா பீங்கான் கேப்புகளுக்கும் பாட்டன். அட்லாண்டிக்கைத் தனியாக விமானத்தில் கடந்த லிண்ட்பெர்க் இவருடைய மகள் வயிற்றுப் பேரன்.

லாண்ட் செய்த கேப் பார்க்க அழகாக இருந்தது. கடித்தால் உடைந்தது. பீங்கானின் குணம் அப்படி. நேராக அழுத்தினால் மலைபோலத் தாங்கும். வளைத்தாலோ இழுத்தாலோ விட்டுவிடும். விரிசல் நாம் நினைப்பதுபோல் மேல்பரப்பில் மட்டும் தொடங்குவதில்லை. பல்லோடு ஒட்டியிருக்கும் உள்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு குறையில் தொடங்கிவிடும். எச்சிலின் ஈரம் அந்த விரிசலை மெல்ல மெல்ல நீட்டும். மாதக்கணக்கில் கடித்த முறுக்குக்கும் சீடைக்கும் தாங்கிய கேப், ஒருநாள் காலை இட்லி சாப்பிடும்போது விட்டுக்கொடுக்கும். பழி இட்லிமேல் விழும்.

இந்தக் குறைக்கு மருத்துவ உலகம் கண்ட முதல் பதில், உள்ளே உலோகம் வைப்பது. லூசைட் என்ற படிகத்தைச் சேர்த்தால் சூடேறும்போது பீங்கானும் தங்கக் கலவையும் ஏறத்தாழ ஒரே அளவில் விரியும், சுருங்கும் என்று கண்டுபிடித்து 1962-ல் வைன்ஸ்டைன் குழுவினர் காப்புரிமை பெற்றார்கள். அதுதான் நம் ஊரில் இன்னமும் பி.எஃப்.எம். என்று அழைக்கப்படும் கேப். அது நன்றாக உழைக்கும். ஆனால் உலோகத்தின் கருமையை மறைக்க வெள்ளைப் பூச்சு, அதன்மேல் பீங்கான் என்று அடுக்குவதால் பல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒளியில்லாமல் இருக்கும். சில வருடத்தில் ஈறு கொஞ்சம் இறங்கினால் போதும், விளிம்பில் ஒரு சாம்பல் கோடு எட்டிப் பார்க்கும். நாற்பது வயதைத் தாண்டிய எத்தனையோ பேரின் சிரிப்பில் அந்தக் கோடு இருக்கிறது.

ஒட்டினால் பிழைக்கும்

இரண்டாவது பதில் பசையிலிருந்து வந்தது. என்னைக் கேட்டால் பீங்கான் பல்லின் கதையில் ஜிர்கோனியாவைவிட முக்கியமான திருப்பம் இதுதான். விளம்பரங்களில் இதற்கு இடமே கிடைப்பதில்லை. 1955-ல் மைக்கேல் புவோனகோர், பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சில விநாடிகள் அரித்தால் அதில் ரெசின் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்று காட்டினார். 1983-ல் சைமன்சனும் கலாமியாவும் பீங்கானின் உள்பக்கத்தையும் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தால் அரிக்கலாம் என்றார்கள். இரண்டு பக்கமும் சொரசொரப்பு, நடுவில் சைலேன் என்ற இணைப்பு வேதிப்பொருள், ரெசின் சிமெண்ட். தனியாகக் கையில் வைத்து அழுத்தினால் நொறுங்கிவிடும் அரை மில்லிமீட்டர் பீங்கான் வில்லை, எனாமலோடு ஒட்டியபின் எனாமலாகவே நடந்துகொள்கிறது. வெனீர் பிறந்தது இப்படித்தான்.

அதன் ஆயுள் எவ்வளவு? ஆஸ்திரேலியாவில் லேட்டன், வால்டன் இருவரும் 2012-ல் வெளியிட்ட நீண்டகால ஆய்வில் பழைய ரக ஃபெல்ட்ஸ்பார் பீங்கான் வெனீர்களில் 10 ஆண்டில் 96 சதவீதமும் 20 ஆண்டில் 91 சதவீதமும் பிழைத்திருந்தன. அதே ஆண்டு ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக்கிலிருந்து வந்த ஆய்வில் 20 ஆண்டுக் கணக்கு 83 சதவீதத்துக்கு இறங்கியது. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களிடமும், நரம்பு செத்த பற்களிலும் தோல்வி அதிகம். புகைப்பவர்களுக்கு விளிம்பில் கறை ஏறுவதும் அதிகம். சுவிட்சர்லாந்தின் ஆரவ் நகரில் தன் சொந்த கிளினிக்கில் டோபியாஸ் ஓட்டோ வைத்த பீங்கான் இன்லே, ஆன்லேக்களில் (பல்லில் தோண்டிய குழிக்குள் பதித்து ஒட்டும் துண்டுகள்) 87.5 சதவீதம் 27 ஆண்டுகளைக் கண்டிருக்கின்றன. அவை செரெக் என்ற கணினிக் கடைசல் எந்திரத்தின் முதல் தலைமுறையில் கடையப்பட்டவை. ஜூரிக் பல்கலைக்கழகத்தில் வெர்னர் மோர்மன் 1985-ல் முதல் நோயாளிக்குப் பொருத்திய அந்த எந்திரத்தின் கடைசல் இன்றைய கணக்கில் முரடு. அந்தப் பீங்கானும் நோஞ்சான் ரகம். இருந்தும் கால் நூற்றாண்டு தாங்கியது, ஒட்டிய விதத்தால்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். வெனீரிலும் இன்லேயிலும் தோற்றவற்றில் பீங்கான் விரிசலுக்குப் பெரிய பங்கு உண்டு. 'உடைவது அபூர்வம்' என்று மேலே எழுதியது ஜிர்கோனியாவுக்கு.

இலங்கைக் கல்லிலிருந்து

ஜிர்கோனியாவின் பூர்வீகம் நமக்கு அக்கம்பக்கம். 1789-ல் பெர்லினில் மார்ட்டின் கிளாப்ரோத் என்ற வேதியியலாளர் இலங்கையிலிருந்து வந்த ஜிர்கான் கல்லைப் பகுத்தபோதுதான் ஜிர்கோனியம் என்ற தனிமம் உலகத்துக்குத் தெரியவந்தது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் கனிமங்களில் ஜிர்கானும் ஒன்று. அது நேராகப் பல் கேப்புக்குப் போகிறது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நடுவில் எத்தனையோ தொழிற்சாலைகள் இருக்கின்றன.

அந்தப் பொருளின் வித்தையை 1975-ல் ஆஸ்திரேலியாவின் கார்வி, ஹேன்னிங்க், பாஸ்கோ மூவரும் 'நேச்சர்' இதழில் 'பீங்கான் எஃகா?' என்று கேட்டு எழுதினார்கள். விரிசலின் முனை வந்து தொட்டதும் அங்கே இருக்கும் ஜிர்கோனியா மணிகள் படிக அமைப்பை மாற்றிக்கொண்டு 4 சதவீதம் அளவுக்குப் பருக்கின்றன. பருத்த மணிகள் விரிசலை இரண்டு பக்கமும் நெரித்து மூடப் பார்க்கின்றன. திருடன் கதவைத் தொட்டதும் தானே தாழ் விழுந்துகொள்வது மாதிரி. வளைவைத் தாங்கும் வலிமையில் பழைய ஃபெல்ட்ஸ்பார் பீங்கான் 100 மெகாபாஸ்கலைத் தொடவே திணறும். லித்தியம் டைசிலிகேட், அதாவது கிளினிக்குகளில் இ-மேக்ஸ் என்ற பெயரில் கேள்விப்படுவது, 400-ஐ ஒட்டி நிற்கும். ஜிர்கோனியா 1,000-ஐத் தொடும்.

இந்த எண்ணைப் பார்த்து மயங்கியவர்கள் பல் மருத்துவர்கள் மட்டுமல்ல. அவர்களுக்கு முன்பே எலும்பு மருத்துவர்கள் இடுப்பு மூட்டுக்கு ஜிர்கோனியா உருண்டை வைத்துக்கொண்டிருந்தார்கள். பிரான்சில் ஒரு தயாரிப்பாளர் சூளையை மாற்றியதில் சில தொகுதி உருண்டைகள் உடலுக்குள்ளேயே உடையத் தொடங்கி, 2001-ல் அவற்றைத் திரும்பப் பெற நேர்ந்தது. ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் ஜிர்கோனியாவுக்கும் மூப்பு உண்டு, அதைச் சுடும் பக்குவம் தவறினால் அந்த மூப்பு முந்திக்கொள்ளும் என்று உலகம் அன்றைக்குக் கற்றது.

லேபில் இதன் வேலை விசித்திரமாக இருக்கும். சுண்ணாம்புக்கட்டி போன்ற வெள்ளை வட்டிலிலிருந்து கணினி எந்திரம் கேப்பைக் கடையும். ஆனால் உண்மை அளவைவிடக் கால்வாசி பெரியதாக. பிறகு 1,500 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் பல மணி நேரம் சுட்டால் சுருங்கி அளவுக்கு வரும். துஷாத்தோவைப் பாடாய்ப்படுத்திய அதே சுருக்கத்தை இன்று கணினி முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுகிறது.

97.8-ம் 73.9-ம்

கட்டுரையின் மையத்துக்கு வருவோம். 2007-ல் ஜூரிக் பல்கலைக்கழகத்தின் ஐரினா சைலர் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. கடைவாயில் இழந்த பற்களுக்காக ஜிர்கோனியா சட்டத்தின் மேல் பீங்கான் பூசிச் செய்த பிரிட்ஜுகள். ஐந்து ஆண்டுக் கணக்கு. ஜிர்கோனியா சட்டத்தின் வெற்றி 97.8 சதவீதம். லேப்காரர் பார்த்தால் கொண்டாட வேண்டிய எண். ஆனால் வாயில் பிழைத்திருந்த பிரிட்ஜுகள் 73.9 சதவீதம் மட்டுமே. சட்டம் முழுசாக இருக்கும்போது மற்றவை எங்கே போயின? 21.7 சதவீதத்தில் பிரிட்ஜின் விளிம்பில் புதுச் சொத்தை. 15.2 சதவீதத்தில் மேலே பூசிய பீங்கான் சில்லு பெயர்ந்தது.

அன்றைக்கு அந்தச் சட்டங்களைக் கடைந்த எந்திரம் சோதனைக் கட்டத்தில் இருந்தது, விளிம்புகள் பல்லோடு சரியாகப் பொருந்தவில்லை. பல்லுக்கும் கேப்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் முதலில் சிமெண்ட் கரையும், பிறகு உணவுத் துணுக்கு சேரும், அப்புறம் கிருமி. கேப்புக்குள் சொத்தை போவது வெளியே தெரியாது. நரம்பு எடுத்த பல்லென்றால் வலிக்கவும் வலிக்காது.

அதன்பின் எந்திரங்கள் எவ்வளவோ தேறிவிட்டன. சில்லு பெயரும் தொல்லைக்கும் ஒரு வழி கிடைத்தது. மேல்பூச்சே இல்லாமல் முழுக்க ஜிர்கோனியாவில் கடைவது. அது பார்க்க உயிரில்லாமல் இருந்ததால் இட்ரியா என்ற சேர்மானத்தை அதிகமாக்கி ஒளி ஊடுருவும் ரகங்களைக் கொண்டுவந்தார்கள். ஒளி கூடியது, வலிமை பாதிக்குக் குறைந்தது. ஏனென்றால் அந்த ரகத்தில் பருத்துக்கொள்ளும் மணிகள் குறைவு. இன்று 'ஜிர்கோனியா' என்ற ஒரே பெயரில் கடைவாய்க்கு உகந்த முரட்டு ரகமும் முன்பல்லுக்கான மென்மையான ரகமும் விற்கின்றன. அட்டையில் ரகம் எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

ஒற்றைக் கேப்புகளின் நிலை இதைவிடத் தெம்பானது. 2015-ல் இதே சைலர் குழு உலக ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது உலோகம் வைத்த கேப் 5 ஆண்டில் 95 சதவீதத்தை ஒட்டிப் பிழைத்திருந்தது. லூசைட், லித்தியம் டைசிலிகேட் கேப் 97-ஐ ஒட்டி. அன்றைய ஜிர்கோனியா 92. வலிமையில் முதலிடம் இருந்த பொருள் வாயில் முதலிடம் பெறவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

'பிழைத்திருத்தல்' என்ற கணக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கேப் வாயில் இருக்கிறது என்றால் அது பிழைத்ததாகவே கணக்கு. ஓரம் சில்லு பெயர்ந்து, மெருகு போட்டுச் சமாளித்திருந்தாலும் பிழைத்ததுதான். கேப்பில் ஓட்டை போட்டு ரூட் கேனால் செய்து அடைத்திருந்தாலும் பிழைத்ததுதான். தொந்தரவே இல்லாமல் இருந்தது எவ்வளவு என்பது தனிக் கணக்கு, அது எப்போதும் கொஞ்சம் குறைவு. விளம்பரங்களில் வருவது முதல் கணக்கு.

நோயாளி எதை அளக்கிறார்?

பல் மருத்துவர்கள் தங்கள் வேலைக்கு மதிப்பெண் போட 1971-லிருந்து ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறைக்காக க்வார், ரைகே இருவரும் வகுத்தது. விளிம்பு பொருந்தியிருந்தால் ஆல்ஃபா, ஊசி மாட்டினால் பிராவோ, பல்லே வெளியே தெரிந்தால் சார்லி என்று போகும். நோயாளியின் அபிப்பிராயத்துக்கு அதில் இடமில்லை. உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பு 2007-ல் அங்கீகரித்த புதிய அளவுகோலில்தான் 'நோயாளி என்ன நினைக்கிறார்' என்பதும் ஒரு கட்டமாக நுழைந்தது. அதுவரை, யார் வாயில் கேப் இருக்கிறதோ அவரைக் கேட்காமலே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கேட்கிறார்கள். அதிகம் புழங்குவது 1997-ல் கேரி ஸ்லேட் சுருக்கித் தந்த 14 கேள்விப் பட்டியல். சொற்களை உச்சரிக்கச் சிரமமா, சாப்பிடும்போது அசௌகரியமா, வாயை நினைத்துக் கூச்சப்பட்டீர்களா, எரிச்சல் வந்ததா என்று போகும். நல்ல கேள்விகள்தான். ஆனால் கறுத்த பல்லோடும் உடைந்த பல்லோடும் வந்தவர் கேப் போட்ட ஒரு மாதத்தில் இதற்கெல்லாம் என்ன பதில் சொல்வார்? எது வைத்தாலும் அவருக்கு அது முன்னேற்றமே. அதனால் எந்தப் பொருளைப் பரிசோதித்தாலும் திருப்தி உச்சத்தில் நிற்கிறது. திருப்தி இல்லாதவர் பரிசோதனைக்குத் திரும்பி வருவதும் குறைவு. வேறு டாக்டரிடம் போயிருப்பார். திருப்தி சதவீதங்களை நான் நம்பாமல் இல்லை, ஆனால் அவற்றைப் பொருளின் தரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. அவை பெரும்பாலும் டாக்டரும் நோயாளியும் எவ்வளவு பேசிக்கொண்டார்கள் என்பதன் சான்று.

டாக்டர் கண்ணும் நம் கண்ணும் ஒன்றல்ல என்பதற்கு 1999-ல் கோகிச் குழு செய்த பரிசோதனை நல்ல உதாரணம். சிரிக்கும் வாய்ப் படங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக் காட்டினார்கள். முன்பற்களின் நடுக்கோடு 4 மில்லிமீட்டர் விலகியும் சாதாரண மக்கள் கண்டுகொள்ளவில்லை. ஆனால் பற்கள் சாய்ந்திருந்தால், 2 மில்லிமீட்டரிலேயே 'என்னமோ சரியில்லை' என்று சொல்லிவிட்டார்கள். நிறத்துக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. கண் கண்டுபிடிக்கும் வித்தியாசம் ஒன்று, மனம் பொறுத்துக்கொள்ளும் வித்தியாசம் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று பல நாட்டு ஆய்வாளர்கள் 2015-ல் அளந்து சொன்னார்கள். அதாவது பக்கத்துப் பல்லோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தும் 'பரவாயில்லை' என்று விடும் ஒரு பரப்பு நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது. மனக்குறை வருவது அந்தப் பரப்பைத் தாண்டும்போதுதான்.

இந்த மனக்குறையைத் தவிர்ப்பதற்குச் செலவே இல்லை. ஷேட், அதாவது பல்லின் நிறம், பார்ப்பதைப் பல்லைச் சீவும் முன்பே, பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். வாயை அரைமணி நேரம் திறந்து வைத்தால் பல் உலர்ந்து தற்காலிகமாக வெளுத்துவிடும். அப்போது எடுக்கும் ஷேட் பொய் சொல்லும். மற்ற பற்களை வெளுக்க நினைத்தால் அதை முதலில் முடித்துவிட்டுப் பிறகு கேப்பின் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள், ஏனென்றால் பீங்கான் வெளுக்காது. முன்பல் என்றால் சீவுவதற்கு முன்பே தற்காலிகப் பிசினில் மாதிரி வைத்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். வீட்டில் நாலு பேர் பார்க்கட்டும். 'டாக்டர், நல்லா வெள்ளையா போட்டுடுங்க' என்று முதல்நாள் சொல்லிவிட்டு, மாட்டியபின் கண்ணாடியைப் பார்த்து 'ரொம்ப வெள்ளையா இருக்கே' என்று நொந்துகொள்வது கிளினிக்குகளில் அடிக்கடி நடப்பது.

சீவியது முளைக்காது

கேப் வைக்கப் பல்லை எவ்வளவு சீவுகிறார்கள் தெரியுமா? எடல்ஹாஃப், சோரன்சன் இருவரும் 2002-ல் எடை போட்டுப் பார்த்தார்கள். வெனீருக்கும் ஒட்டும் பிரிட்ஜுக்கும் வெளியே தெரியும் பல்லில் 3 முதல் 30 சதவீதம்வரை போகிறது. முழுக் கேப்புக்கு 63 முதல் 72 சதவீதம். மூன்றில் இரண்டு பங்கு பல் தூளாகி வடிகால் குழாயில் போகிறது. அவ்வளவு சீவியபின் உள்ளே இருக்கும் நரம்பு சும்மா இருக்குமா? ஹாங்காங்கில் உலோகப் பீங்கான் கேப் போட்ட உயிருள்ள பற்களைப் பின்தொடர்ந்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், 10 ஆண்டில் ஒற்றைக் கேப்புக்கு அடியில் 84 சதவீத நரம்புகளே பிழைத்திருந்தன. பிரிட்ஜைத் தாங்கிய பற்களில் 71 சதவீதம்.

ரூட் கேனால் செய்த கடைவாய்ப்பல்லுக்கு இந்தக் கணக்கு வேறு. அதற்கு கேப் அவசியம். கேப் போடாமல் விட்ட பற்கள், போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாக 2002-ல் அமெரிக்காவில் அக்விலினோ, கேப்லன் இருவரும் காட்டியிருக்கிறார்கள். 'வலி போயிடுச்சே, கேப் அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுபவர்கள்தான் பிறகு பாதிப் பல்லைக் கையில் ஏந்திக்கொண்டு வருகிறார்கள்.

எனக்குக் கவலை, சொத்தையே இல்லாத இருபது வயதுப் பற்கள். சமூக ஊடகத்தில் பார்த்த சிரிப்பு வேண்டும் என்று மேல்வரிசையில் எட்டு, பத்துப் பற்களை வரிசையாகக் கொடுக்கிறார்கள். வெனீர் என்று சொல்லித் தொடங்கி, கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்று முழுக் கேப்பில் முடிவதும் உண்டு. கம்பி கட்டி ஒன்றரை வருடத்தில் நேராகியிருக்க வேண்டிய பற்கள் அவை. வெனீர்களில் 91 சதவீதம் 20 ஆண்டு பிழைக்கும் என்பது நல்ல செய்திதான். இருபதில் போட்டுக்கொண்டவருக்கு நாற்பதுக்குப் பிறகும் நாற்பது வருடம் இருக்கிறது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் இன்னும் கொஞ்சம் சீவ வேண்டும்.

முன்வரிசையில் ஒரு பல் இல்லாதவர்களுக்கு, அக்கம்பக்கப் பற்களைக் குட்டையாகச் சீவாமல் ஒரு வழி இருப்பது நம் ஊரில் போதிய அளவு பேசப்படுவதில்லை. ஜெர்மனியின் கீல் நகரில் மத்தியாஸ் கெர்ன் பிரபலப்படுத்தியது. ஜிர்கோனியாவில் ஒரு பொய்ப்பல், அதற்கு ஒரே ஓர் இறக்கை. பக்கத்துப் பல்லின் பின்புறத்தில் எனாமலை லேசாகத் தொட்டு அந்த இறக்கையை ஒட்டிவிடுவார்கள். ஜிர்கோனியாவில் கண்ணாடிப் பகுதி இல்லாததால் அமிலம் அரிக்காது. அலுமினா துகளால் மணலடித்து, எம்.டி.பி. என்ற வேதிப்பொருள் கலந்த பசையால் பிடிக்க வைக்க வேண்டும். இப்படி ஒட்டிய 108 பிரிட்ஜுகள், 10 ஆண்டுக் கணக்கு, பிழைத்தவை 98 சதவீதம். சிலது கழன்று வந்தன, பெரும்பாலானவற்றைத் திரும்ப ஒட்டிவிட்டார்கள். தோற்றாலும் பக்கத்துப் பல்லுக்குச் சேதமில்லை. இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

நியாயமாகவே வெனீர் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரின் ஃபுளோரைடு, குழந்தைப் பருவத்திலேயே எனாமலுக்குள் புகுந்து பல்லைப் பழுப்பேற்றிவிடுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். அதற்கு முன் வளர்ந்த தலைமுறை இன்னும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது. பிரஷ் போட்டு இந்தக் கறை போகாது. கறை மேலோட்டமானால் எனாமலை மெல்லத் தேய்த்தெடுத்தும் ரெசின் ஊட்டியும் பார்க்கலாம். ஆழமானால் வெனீர். இந்த எனாமலில் அமிலம் சரியாக அரிக்காது, ஒட்டுவதில் கூடுதல் கவனம் வேண்டும் என்பதை அறிந்த மருத்துவரிடம் செய்துகொள்வது முக்கியம்.

போட்டபின்

ஜிர்கோனியா கடினம், எதிர்ப்பல்லைத் தேய்த்துவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. பாதி உண்மை. கண்ணாடிபோல் மெருகேற்றிய ஜிர்கோனியா எதிர்ப்பல்லோடு சாதுவாகவே நடந்துகொள்கிறது. தேய்ப்பது சொரசொரப்பான பரப்பு. கேப் மாட்டும் அன்று 'கடிச்சுப் பாருங்க' என்று சொல்லி, உயரமாகத் தெரியும் இடத்தை டாக்டர் ராவுவார். ராவிய இடத்தை மறுபடி மெருகேற்றாமல் அனுப்பினால்தான் வில்லங்கம். நாக்கால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு இருந்தால் எழுந்திருக்காதீர்கள். உயரம் இன்னும் இடிக்கிறது என்றால் 'பழகிடும்' என்று விட வேண்டாம், அதே வாரத்தில் திரும்பிப் போங்கள்.

தூக்கத்தில் பல் கடிப்பவர் என்றால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். பக்கத்தில் படுப்பவர்தான் இதற்குச் சாட்சி. இரவில் போட்டுக்கொள்ளும் நைட் கார்டு கேப்பின் விலையில் சிறு பகுதி.

இன்னும் ஒன்று. கேப்புக்குள் சொத்தை புகும் வாசல் விளிம்பு, அந்த விளிம்பு இருப்பது ஈறோரம். பிரஷ் படாத இடம் அது. பற்களுக்கு நடுவே ஃபிளாஸ் நூல், பிரிட்ஜுக்கு அடியில் நுழையும் தடித்த நூல் அல்லது சின்ன இடைப்பல் பிரஷ் தினமும் போக வேண்டும். பாக்கும் புகையிலையும் பீங்கானை ஒன்றும் செய்யாது, ஈறைச் செய்யும். ஈறு இறங்கினால் விளிம்பு வெளியே வரும்.

கேப் போட்டிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வலிக்கவில்லை என்பதை நலம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். டாக்டர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். இனிமேல் போடப்போகிறவர்கள், என்ன பொருள், என்ன விலை என்று கேட்பதற்கு முன் 'என் பல்லில் எவ்வளவு சீவுவீர்கள், அதைவிடக் குறைவாகச் சீவ வழி இருக்கிறதா?' என்று கேளுங்கள். பதில் சொல்லப் பொறுமை இல்லாத இடத்தில் நாற்காலியில் சாய வேண்டாம்.